கடகத்தில் வேர்விட்ட வினைச்சொல்

உ
உரும்பிராய்
1943 மாசி 14

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடிதத்தின் அடியில் வரும். மேலே இடம் இல்லை. மேலே என் கோபம் இருக்கிறது.

நேற்று அம்மான் வந்தார். வந்தவர் உட்காரவும் இல்லை. "தங்கச்சி, வாற ஆவணியிலை தண்ணி அடியிலை போனவுடனை கிணத்தை அகட்டப்போறன். வெங்காயத்துக்கு உந்தத் தண்ணி காணாது" என்று அம்மாவிடம் சொன்னார். கிணற்றில் பாதிப் பங்கு முத்துக்குமாரு அம்மானுடையது, பாதி எங்களுடையது. அம்மா யோசிக்கவே இல்லை, உடனே "ஓம் அண்ணை" என்றார். எந்தப் பக்கம் அகட்டுவது? கிழக்குப் பக்கம்தான் கல் இளக்கமாம். கிழக்கு விளிம்பில் நிற்பது என் முந்திரிகைக் கொடி என்பது இருவருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

இந்தியப் பத்திரிகைகளில் திராட்சை, திராட்சை என்று எழுதுகிறார்களே, அதுதான். கன்னியர்மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு சகோதரி தந்த தண்டு. கல்லிடுக்கில் வைத்தேன். போன ஆண்டுதான் முதல்முறை காய்த்தது. நீங்கள் தின்றீர்கள். "கொழும்பில் கப்பலில் வந்த பழமும் இப்படி இனிக்காது" என்று சொன்னது நீங்கள். யுத்தத்தால் இப்போது கப்பலே இல்லை. சுன்னாகத்தில் ரயில் ஏற்றினால் மறுநாள் கொழும்பில் சண்டை பிடித்து வாங்குவார்கள். ஒரு கொடி பத்துக் கொடியானால் என் சீதனக் காணியில் பந்தல் போட்டு நான் முந்திரிகைத் தோட்டக்காரி ஆகிவிடுவேன். இதையெல்லாம் சொன்னேன். அம்மான் சிரித்தார். "பிள்ளை, சனம் சோத்துக்கு வரிசையிலை நிக்குது. நீ பழம் விக்கப்போறியோ?" என்றார்.

தண்டு வெட்டி நட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். இரண்டு முறை நட்டேன். பாதியை வெயில் சுட்டது, மிச்சத்தைக் கறையான் தின்றது. ஆவணிக்குள் இதற்கொரு பிள்ளைக் கொடி எடுக்காவிட்டால் உரும்பிராயில் முந்திரிகை என்ற பேச்சே இருக்காது.

நீங்களோ கடிதத்துக்குக் கடிதம் இலத்தீன் வினைச்சொல் எழுதுகிறீர்கள். உங்கள் இலத்தீனில் இதற்கு ஏதாவது வழி உண்டோ?

இங்கே எல்லோரும் நலம், நான் தவிர.

உங்கள்
குணலட்சுமி


கொழும்பு
3-3-1943

என் குணத்துக்கு,

உண்டு! உண்டு! ஏளனமாகத்தான் கேட்டிருக்கிறாய், ஆனாலும் உண்டு!

கந்தோரில் வேலைக்கிடையில் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அறைக்கு வந்து, சோதனைக்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வினைச்சொற்களை வெறுப்போடு திறந்தேன். இந்த இலத்தீன் ஒன்றால்தானே இரண்டு முறை மெட்ரிக்குலேசன் போயிற்று. அதில் "புரோபகாரே" என்று ஒன்று. பொருள்: பரப்புதல். இதுவரை நான் அதற்குமேல் பார்த்ததில்லை. இப்போது பத்திரிகையைத் திறந்தால் எதிரியின் புரோபகண்டா, நம்முடைய புரோபகண்டா என்று கூச்சலாக இருக்கிறதல்லவா, அந்தச் சொல் இதிலிருந்துதான் வந்தது. என் அறைத் தோழன் கிறிஸ்துநாயகம் குருநகரான், வேதக்காரன். அவன் சொன்னான், உரோமாபுரியில் வேதம் பரப்பும் சபைக்கு முந்நூறு ஆண்டுக்கு முன் வைத்த பெயரிலேயே அது இருக்கிறதாம்.

அதற்கும் முன்னே என்ன என்று பெரிய அகராதியைப் பார்த்தேன் குணம். எழுந்து நின்றுவிட்டேன். முதற்பொருள் பரப்புதல் இல்லை. முந்திரிகைக் கொடியை வளைத்து, மண்ணில் பதித்து, வேர்விட்டபின் தாயிலிருந்து அறுத்தல். பதியம் வைத்தல்! நீ மல்லிகைக்கு வைப்பாயே, அதேதான். உரோமக் கமக்காரனின் தோட்டத்து வேலை, அதைத்தான் பின்னால் வந்தவர்கள் வேதத்துக்கும் சண்டைக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னும் கேள். "புரோ" என்றால் முன்னே. மீதி "பாங்கோ" என்ற சொல்லில் இருந்து வருகிறது, முளை அடித்து இறுக்குதல் என்று பொருள். வளைத்த கொடி நிமிராமல் ஒரு முளை அடிக்கிறோமே, அந்த முளை! அதே முளையிலிருந்துதான் எல்லைக்கட்டை நாட்டிய கிராமத்துக்குப் பெயர் வந்தது. வரிசையாய் நட்ட கொடிப்பந்திக்கும், அதைப்போல வரிசையாய் எழுதிய பக்கத்துக்கும் ஒரே பெயர். இரண்டு பேர் இறுக்கிக்கொண்ட உடன்பாடு என்பதால் சமாதானத்துக்கும் பெயர் அங்கிருந்துதான். ஒரு முளையில் இத்தனை! கிறிஸ்துநாயகத்தை உலுக்கி எழுப்பிச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத முடியாது.

தண்டை வெட்டி நட்டதுதான் உன் பிழை. வெட்டாதே. தாயோடு இருக்கட்டும், தாயின் பாலைக் குடித்துக்கொண்டே வேர் விடட்டும். நானும் அப்படித்தானே? கரவெட்டியில் பிறந்தவனை வளைத்துக் கொண்டுவந்து உரும்பிராயில் உங்கள் வளவில் முளை அடித்து வைத்தீர்கள். நம் ஊரில் மாப்பிள்ளைமார் எல்லோரும் பதியம்தான்.

நாளைக்கே முளை அடி.

உன்
தம்பிராசா


உ
உரும்பிராய்
பங்குனி 2

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். "மாப்பிள்ளை பதியம்" என்ற இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மறைக்க அடுப்பை ஊதினார். உங்கள் இலத்தீன் முதல்முறையாக இந்த வீட்டுக் குசினிக்குள் வந்திருக்கிறது.

ஆனால் அத்தான், முளை அடிக்க மண் எங்கே? கொடி நிற்பது கிணற்றுக்கட்டில், சுற்றிலும் கல். கொழும்பில் இருந்து உங்களுக்கு மறந்துபோயிற்று. இருந்தும் விடவில்லை. மிக நீளமான கிளையைப் பந்தலிலிருந்து இறக்கி, கல்லுக்கு மேலால் இழுத்து, வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் புதைத்து, பூவரசங் கவர்க்கம்பில் முளை செய்து அடித்தேன். அடித்த கையில் ஒரு சந்தோஷம் ஓடியது, பொய் சொல்லவில்லை. "பாங்கோ" என்று சொல்லிக்கொண்டுதான் அடித்தேன்.

மறுநாள் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க வந்த இளையதம்பி அதன்மேலே நடந்துபோனான். பாவம், அவன் என்ன செய்வான், கிணற்றடியில் நடக்கும் வழியே அதுதான். கிளை முறிந்து கிடந்தது. "தங்கச்சி, வழியிலை பாம்பு கிடக்கெண்டு நினைச்சன்" என்றான்.

அதற்கப்பால் மண் இருக்கிறது, கிளை எட்டாது. மண் இருக்கும் இடத்துக்குக் கொடி வராது. கொடி இருக்கும் இடத்துக்கு மண் வருமா என்று உங்கள் உரோமனைக் கேளுங்கள். ஏளனமாகக் கேட்கவில்லை. இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். கெதியாக எழுதுங்கள், நாள் போகிறது.

குணம்


கொழும்பு
22-3-1943

குணம்,

வரும்! மண் வரும்!

கந்தோருக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, இதை எழுதிப் போட்டுவிட்டுத்தான் போவேன். நூல்நிலையத்தில் பழைய உரோமக் கமக்காரன் ஒருவன் எழுதி வைத்ததைத் தேடிப் பிடித்தேன். பாதி எனக்கு விளங்கவில்லை. மற்றப் பாதியைக் கிறிஸ்துநாயகமும் நானும் அகராதியை நடுவில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிரித்தோம். அவன் பூசைக்குக்கூடப் பிந்திப் போனான்.

உரோமனின் கொடிகள் மரத்தில் ஏறி நிற்கும். கீழே இறக்க முடியாது. ஆகையால் அவன் கூடையை மேலே கொண்டுபோனான்! கூடையின் அடியில் ஓட்டை. ஓட்டைக்குள்ளால் கிளையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, கூடையில் மண் நிரப்பி, மரத்திலேயே கட்டித் தொங்கவிட்டுவிடுவான். கிளையின் நுனி மேலே வெயிலில் நிற்கும், நடுப்பகுதி மண்ணுக்குள் இருக்கும். வேர் விட்டதும் கூடைக்குக் கீழே அறுத்து, கூடையோடு கொண்டுபோய் நடுவான். கூடை மண்ணோடு மண்ணாய்ப் போய்விடும்.

கூடை என்று வாசித்ததும் எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? கடகம்! பனையோலைக் கடகம்! அந்த உரோமன் யாழ்ப்பாணத்தில் பிறந்திருக்க வேண்டியவன்.

மண் உள்ளே இருக்கும் இடத்தில் கிளையின் தோலைக் கொஞ்சம் சுரண்டிவிடு. நாள்தோறும் தண்ணீர். கிணற்றடியில் அதற்குப் பஞ்சமா?

தம்பிராசா


உ
உரும்பிராய்
சித்திரை 5

அன்புள்ள அத்தானுக்கு,

வருஷப்பிறப்புக்கு நீங்கள் வராத கோபத்தைக்கூட மறந்துவிட்டேன். நாலு கடகம் தொங்குகிறது!

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, அறைக்குள் அடுக்கியிருந்த பழைய கடகங்களில் நாலைத் தூக்கினேன். அடியில் ஓட்டை போட்டு, கிளையை நுழைத்து, செம்பாட்டு மண்ணும் ஆட்டெருவும் கலந்து நிரப்பிப் பந்தல் கம்பில் கயிறு கட்டினேன். அம்மா வந்து பார்த்துக் கத்திய கத்தலுக்கு அயல் முழுக்கக் கூடிவிட்டது. "உதென்னடி கிணத்தடியிலை? நல்ல கடகத்திலை ஆராவது ஓட்டை போடுவினமோ?" வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த இரத்தினம்மாக்கா, "உது செய்வினை கழிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் உரும்பிராயில் பாதிச் சனத்துக்கு, முத்துக்குமாருவின் வெங்காயம் அழுக நான் கடகத்தில் ஏதோ கட்டியிருப்பதாகக் கதை போய்விட்டது. அம்மானே ஓடி வந்தார். கடகத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். "மண்தான்" என்று மிகவும் ஏமாந்துபோய்ச் சொன்னார்.

நான் விளக்கினேன். உரோமன், கூடை, வேர், எல்லாம். அம்மான் தலையைச் சொறிந்தார். "ஆவணியிலை கல்லுடைக்க அலவாங்கோடை ஆக்கள் வருவினம். அதுக்குள்ளை உது வேர் விட்டால் எடு. விடாட்டி என்னைக் குறை சொல்லாதை" என்றார். அதுவே எனக்குப் போதும்!

சித்திரை 15

மேலே எழுதியதைத் தபாலில் போட முன் கெட்ட செய்தி. நாலு கிளையிலும் இலை ஓரம் கருகிச் சுருள்கிறது. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கூடக் கருகுகிறது. ஒன்றும் விளங்காமல் இன்று காலை கடகத்து மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. செம்மணி உப்பளத்தில் உப்பு அள்ளி வந்த கடகங்கள், அத்தான். ஓலைக்குள் ஊறிக் கிடந்த உப்பையெல்லாம் நானே நாள்தோறும் கரைத்துக் கரைத்துக் கொடிக்கு ஊட்டியிருக்கிறேன். அழுதேன். பிறகு எழும்பி நாலையும் வெட்டி எறிந்தேன்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து இரத்தினம்மாக்கா, "பிள்ளை, பச்சை ஓலையிலை புதுசா இழைச்சுத் தாறன், அழாதை" என்றார். செய்வினை என்ற அதே வாய்! பொழுதுபட முன் சின்னதாக மூன்று கடகம் வந்தது. மூன்று புதுக் கிளையில் கட்டிவிட்டேன். இனி ஆவணிக்கு எவ்வளவு நாள் என்று எண்ணப்போவதில்லை.

குணம்


கொழும்பு
9-6-1943

குணத்துக்கு,

உன் கடகங்கள் நலமா? உன்னைப் பற்றி உன் கடிதங்களில் எதுவும் இல்லை. நுனி துளிர்த்தது, இலை விரிந்தது, காகம் கயிற்றில் இருந்தது. போன கடிதத்தில் "அத்தான்" என்ற சொல்கூட மேல்வரியில் மட்டும்தான்.

வெள்ளவத்தையில் இரண்டறை வீடு ஒன்று எடுத்திருக்கிறேன். யன்னலைத் திறந்தால் கடல். குசினி தனியாக, புகை போகக் கூண்டு. போன ஆண்டு ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதும் ஊருக்கு அனுப்பிய பெண்டுகளையெல்லாம் கந்தோரில் எல்லோரும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் ஒருவன்தான் கடைச் சோறு. மாமிக்கும் எழுதினேன். "அவள் சின்னப்பிள்ளை, கொழும்பிலை தனிச்சு என்ன செய்வாள், இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்று பதில். அது மாமியின் பேச்சு என்று எனக்குத் தெரியும். உன் பேச்சு என்ன? அதைக் கேட்டால் ஆவணி, ஆவணி என்கிறாய்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே, அல்லது கோபி. அந்த உரோமன் கூடையில் வேர்விட இரண்டு ஆண்டு விடச் சொல்லியிருக்கிறான். இரண்டு ஆண்டு. மார்ச்சில் உன் உற்சாகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, அந்த வரியை விட்டுவிட்டு எழுதினேன். ஆவணிக்குள் அது நடக்காது. நடக்காத ஒன்றுக்குக் காவல் இருக்கிறாய். உனக்குப் புருஷன் வேண்டுமா, கொடி வேண்டுமா? ஆனி முடியுமுன் ரயில் ஏறு.

தம்பிராசா


உ
உரும்பிராய்
ஆனி 3

அத்தானுக்கு,

இரண்டு ஆண்டு என்று மார்ச்சிலேயே தெரியும். தெரிந்துகொண்டு என்னை நாள்தோறும் தண்ணீர் ஊற்ற விட்டீர்கள். சின்னப்பிள்ளைக்கு மண்சோறு ஆக்க விடுவது போல.

நான் ரயில் ஏறமாட்டேன்.

உங்கள் உரோமனுக்கு நான் பதில் சொல்கிறேன். அவன் ஊரில் குளிர் வந்தால் கொடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் படுத்துவிடும் என்று மடத்துச் சகோதரி சொல்லியிருக்கிறார். பாதி ஆண்டு நித்திரை கொள்கிற கொடிக்கு இரண்டு ஆண்டு வேண்டும்தான். என் கொடி ஒருநாளும் படுத்ததில்லை. பங்குனி வெயிலிலும் துளிர்க்கும், மார்கழி மழையிலும் துளிர்க்கும். புத்தகத்தில் இருப்பது புத்தகக்காரனின் மண். உரும்பிராய் மண்ணைப் பற்றி அவன் எழுதவில்லை.

நீங்கள்தான் இந்த வளவில் பதியம் என்று எழுதினீர்கள். வேர்விட முன் அறுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடியது யார்?

புருஷன் வேண்டும். கொடியும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்று கேட்கிறவர்களுக்கு நான் மறுமொழி எழுதுவதில்லை.

குணலட்சுமி


கொழும்பு
8-7-1943

என் குணத்துக்கு,

மறுமொழி எழுதுவதில்லை என்றாய், சொன்னபடியே செய்கிறாய். தபால்காரன் என்னைக் கண்டால் இப்போது தானாகவே தலையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

நான் எழுதியது பிழை. வரியை மறைத்ததும் பிழை, அதை எடுத்து உன்மேல் எறிந்தது அதைவிடப் பெரிய பிழை. தனியே ஒரு வீட்டில் இரண்டு அறையில் நடந்து திரிந்தால் மனிதனுக்குப் புத்தி கெட்டுவிடுகிறது. வெறும் குசினியைப் பார்க்கவே பிடிக்காமல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

சோதனை எழுதினேன். இலத்தீன் வினாத்தாளில் போர், யானை, ஆறு கடத்தல், தளபதியின் பேச்சு எல்லாம் வந்தது. முந்திரிகை மட்டும் வரவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வினைச்சொல்லை அவர்கள் கேட்கவில்லை! சிரிப்பு வந்து, மேற்பார்வையாளர் முறைத்துப் பார்த்தார்.

நித்திரை கொள்கிற கொடி என்று எழுதினாயே, அதைக் கிறிஸ்துநாயகத்துக்குச் சொன்னேன். அவன், "உம்முடைய மனுசி சொல்லுறதுதான் சரி. நாங்கள் ரெண்டுபேரும் உதை யோசிக்கேல்லை ஐசே" என்றான். யோசிக்கவில்லைதான். கடகங்கள் எப்படி இருக்கின்றன? மூன்று சொல் எழுதினாலும் போதும்.

உன்
தம்பிராசா


உ
உரும்பிராய்
ஆடி 2

அத்தானுக்கு,

சண்டை அப்படியே இருக்கட்டும், பிறகு பிடிக்கலாம். இது அவசரம்.

இந்த ஆண்டு தண்ணீர் முந்தியே அடியில் போய்விட்டது. துலாப் பட்டையில் தண்ணீரோடு சேறு வருகிறது. அம்மான் நேற்று வந்து, "ஆவணி மட்டும் பாக்கேலாது பிள்ளை. ஆடியமாவாசை கழிஞ்ச கையோடை ஆக்களை இறக்கப்போறன்" என்று சொல்லிவிட்டார். நான் சத்தம் போட்டேன். அவர் சத்தம் போடவில்லை. கிணற்றைக் காட்டினார். வெங்காய நாற்றெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கிறது, அவரும் பாவம்.

மூன்று கடகத்தில் ஒன்றின் நுனி காய்ந்துவிட்டது. மற்ற இரண்டும் பச்சையாக நிற்கின்றன. ஆனால் பச்சையாக நிற்பது தாயின் பாலிலா தன் வேரிலா என்று எனக்கு எப்படித் தெரியும்? கிண்டிப் பார்த்தால் பிஞ்சு வேர் அறுந்துவிடும். கிண்டாமல் அறுத்தால், வேர் இல்லையென்றால், பொழுதுபட முன் வாடிவிடும். உரோமன் எப்படி அறிந்தான்? எழுதியிருக்கிறானா? அவன் சொன்னதோ நீங்கள் சொல்வதோ எதுவானாலும் உடனே எழுதுங்கள். எனக்குக் கேட்க வேறு ஆரும் இல்லை.

குணம்


கொழும்பு
21-7-1943

குணம்,

நூல்நிலையத்துக்கு ஓடினேன். அந்தப் பகுதியை முன்னும் பின்னும் படித்தேன். அவன் எழுதவில்லை. இரண்டு ஆண்டு, பிறகு அறு, அவ்வளவுதான். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் நினைப்பதை மட்டும் சொல்கிறேன். இரத்தினம்மாக்கா இழைத்தது பச்சை ஓலைக் கடகம் அல்லவா? ஓலைக்கு ஓலை இடுக்கு இருக்கும். வேர் கடகத்தை நிரப்பினால் எங்கே போகும்? இடுக்கைப் பார். அதற்குமேல் எனக்குத் தெரியாது. நீ எப்போது அறுத்தாலும் அதுதான் சரியான நேரம் என்று நான் எடுத்துக்கொள்வேன். வாடினாலும் ஒரு சொல் சொல்லமாட்டேன்.

அலவாங்கோடு ஆட்கள் இறங்கும் நாளில் நான் அங்கே இல்லையே என்று இருக்கிறது.

தம்பிராசா


உ
உரும்பிராய்
ஆடி 22

என் அன்பு அத்தானுக்கு,

இடுக்கு! இடுக்குத்தான்!

ஆனால் அதை நான் காணவில்லை. கேளுங்கள், ஒழுங்காகச் சொல்ல முடியுமோ தெரியவில்லை, கை எழுத ஓடமாட்டேன் என்கிறது.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் கடகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முந்தாநாள் விடிய ஆட்கள் வந்துவிட்டார்கள். கயிறு, அலவாங்கு, சாக்கு எல்லாம் கிணற்றடியில் இறங்கிவிட்டது. நான் பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மான் என்னை விலகச் சொல்லவும் இல்லை, வேலையைத் தொடங்கச் சொல்லவும் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு நேரம் கடத்தினார். அதை நான் மறக்கமாட்டேன்.

அப்போது அம்மா குசினியில் இருந்து வந்தார். இத்தனை மாதமும் அந்தக் கடகங்களைத் திரும்பியும் பாராத அம்மா. வந்து, கடகத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தாங்கித் தூக்கி, கீழே குனிந்து பார்த்தார். நான் பக்கத்தைத்தான் பார்த்தேன், அடியைப் பார்க்கவே இல்லை! "இஞ்சை வா" என்றார். குனிந்து பார்த்தேன். ஓட்டையைச் சுற்றி, ஓலை இடுக்கால், வெள்ளையாக, நூல்போல, ஐந்தாறு. அத்தான், வேர்! இரண்டு கடகத்திலும்! நான் கத்தியதில் கிணற்றுக்குள் இறங்கியவன் பயந்து மேலே ஏறிவிட்டான்.

இளையதம்பி கத்தியைத் தீட்டித் தந்தான். வாங்கினேன். அறுக்க முடியவில்லை. இவ்வளவு நாளும் காத்து நின்றவள் அந்த இடத்தில் நின்று அழுகிறேன். அம்மா கத்தியைப் பறித்தார். கடகத்துக்குக் கீழே ஒரே வெட்டு, பிறகு மற்றது. "உதுக்கேன் அழுறாய்? வேர் விட்டிட்டுது. இனி அது தன்ரை பாட்டைப் பாக்கும்" என்றார்.

சொல்லும்போது கொடியைப் பார்க்கவில்லை, அத்தான். என்னைத்தான் பார்த்தார். கத்தியை இளையதம்பியிடம் நீட்டிவிட்டு, "ஒண்டை நான் பின் காணியிலை நட்டு வளக்கிறன், நீ சொல்லித் தந்தமாதிரி. நீ உன்ரை பெட்டியை அடுக்கு" என்றார். அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் அலவாங்கு கல்லில் விழத் தொடங்கியது. தாய்க்கொடி போவதை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று அம்மா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாளாகியும் இரண்டும் வாடவில்லை. ஒன்றில் புதுத் துளிரும் வந்திருக்கிறது. பின் காணியில் நட்டதற்கு இரத்தினம்மாக்கா வெயில் படாமல் கிடுகு மறைப்புக் கட்டித் தந்தார். அம்மான் வந்து பார்த்து, "அடுத்தமுறை எனக்கும் ஒண்டு கட்டித் தா பிள்ளை" என்றார். தைமாதம் கொடிக்குக் கொப்பு வெட்ட நான் வந்தே ஆகவேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன். நீங்களும் லீவு எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்.

மற்றதை நான் கொண்டுவருகிறேன். கொழும்பு மழைக்கு இது காய்க்காது என்று எனக்கும் தெரியும். காய்க்காவிட்டால் உங்கள் யன்னலுக்கு நிழல் தரட்டும். அந்தக் குசினிக் கதவைத் திறந்து வையுங்கள்.

வெள்ளிக்கிழமை சுன்னாகத்தில் மெயில் வண்டி ஏறுகிறேன், அம்மான் வந்து ஏற்றிவிடுவார். கடகத்தை மடியில்தான் வைத்துக்கொண்டு வருவேன், சாமான் தட்டில் வைக்கமாட்டேன். கோட்டை ஸ்டேஷனில் நில்லுங்கள். வண்டி நின்றதும் முதலில் கடகத்தை இரண்டு கையாலும் வாங்குங்கள். வேர் ஆடக்கூடாது. பிறகு என்னை இறக்கலாம்.

உங்கள்
குணம்